உறங்கும் கால்களுக்கு ஒரு சோடிச் சப்பாத்து

சல்லி அம்மன் கோயிலில் அன்று உச்சி வெயில். பூசை முடிந்து வெளியே வந்த சனம் மணலில் கால் வைக்க முடியாமல் துள்ளித் துள்ளி நிழலுக்கு ஓடியது. நான் மட்டும் மெதுவாக நடந்து போனேன். காலுக்குக் கீழே நிலம் இருப்பதாகவே தெரியவில்லை. கரையில் காயப் போட்டிருந்த மீனின் வாசனை, தள்ளி நின்ற வள்ளங்கள், வெயிலில் நடுங்கிய காற்று, எல்லாம் சேர்ந்து விடியற்காலைக் கனவு ஒன்றுக்குள் நடப்பது போல இருந்தது.

“மிஸ்ஸியைப் பாருங்கோ. அம்மாளின்ர அருள் வந்திட்டுது,” என்றாள் நிழலில் நின்ற ஒருத்தி. அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் மாதாமாதம் நிறுத்துப் பார்த்தவள் நான். குடும்பநல மருத்துவமாது என்பது என் வேலையின் பெயர். ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாச்சிகளையும் கைக்குழந்தைகளையும் பார்க்க வேண்டும். ஊருக்கு நான் மிஸ்ஸி. அருள் என்று அவள் சொன்னதும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பின்னேரம் வீட்டில் கதிரையில் இருந்து காலை நீட்டியபோது கணவர்தான் முதலில் கண்டார். இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளங்கள்.

“நோகேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை.”

கொப்புளத்தைவிட அந்த ‘இல்லை’தான் அவரைப் பயப்படுத்தியது.

கிளினிக்கில் டொக்டர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு நைலோன் நூலால் காலைத் தொட்டுத் தொட்டு, தெரியுதா தெரியுதா என்று கேட்டார். நான் ‘ஓம்’ என்று சொன்ன நேரங்களில் அவர் தொடவே இல்லையாம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என் கால்களை உறங்கப் பண்ணிவிட்டது. சீனியைக் குறையுங்கோ என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய் எனக்கு. அந்த வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

“இனி வெறுங்காலோட ஒரு அடி வைக்கப்படாது, வீட்டுக்குள்ளயும்தான். இன்னொரு புண் வந்து எலும்பில பிடிச்சால் காலை எடுக்க வேண்டி வரும். உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை,” என்றார் டொக்டர். “மாரிக்குள்ள வெளியில திரியிறதெண்டால் நல்ல சப்பாத்து வேணும். ஏலாதெண்டால் வெளிவேலையை விடுங்கோ.”

விடுவதா? கப்பல்துறையில் சேறு மிதித்துப் போய்ச் சேருகிற வீட்டில், பிறந்து சில நாளே ஆன ஒரு குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும். அதற்காகத்தான் நான் காலையில் எழும்புகிறேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

பட்டினத்தில் துறைமுக வேலையாட்களுக்குச் சப்பாத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் மனிதர், எல்லாருக்கும் நானா. வெள்ளைச் சீருடைச் சேலையோடு நான் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் நின்றதும், அவருக்கு வாங்க வந்தேன் என்று நினைத்து அவருடைய காலைத்தான் முதலில் பார்த்தார். எனக்கு என்றதும் ஒரு சிரிப்பை விழுங்கினார்.

முதலில் றப்பர் பூட்ஸைத்தான் எடுத்து வைத்தார். அதற்குள் தண்ணீர் போகாது. ஆனால் வேர்வையும் வெளியே வராது. நாள் முழுக்க உள்ளுக்குள் ஊறிய தோல் கிழியும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதனால் கணுக்காலுக்கு மேலே வருகிற, முன்பக்கம் அகலமான, அடி தடித்த தோல் சப்பாத்து. போட்டுப் பார்த்தேன்.

“எங்கயும் கடிக்குதா மிஸ்ஸி?”

“கடிச்சாலும் எனக்குத் தெரியாது நானா.”

அவர் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். பிறகு ஒரு பால்மா அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் போட்டு, என்னை அதில் ஏறி நிற்கச் சொல்லிப் பென்சிலைக் கணவரிடம் கொடுத்தார். “பின்னேரத்துக் காலத்தான் வரையணும். காலையில கால் சின்னது,” என்றார். வரைந்து வெட்டிய அட்டைக் காலைச் சப்பாத்துக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஓரம் மடங்கினால் அந்தச் சப்பாத்து சரிவராது. இப்படி என் கால் எனக்குப் பதிலாக ஒவ்வொரு சப்பாத்தாக ஏறி இறங்கியது. கடைசியில் ஒன்றில் மடங்காமல் படுத்துக்கொண்டது. வாங்கினோம்.

என் கணவர் உள்துறைமுகக் கரையில் பைபர் வள்ளங்கள் திருத்துகிறவர். ஓட்டை என்று ஒன்றைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“தைச்ச இடத்தாலதான் தண்ணி வரும். அதை என்னட்ட விடும்,” என்று சப்பாத்தைத் தன் வேலைக் கொட்டிலுக்குக் கொண்டு போனார். வள்ளத்துக்குப் பூசுகிற ரெசின் பசையைக் கலந்து தையல் நெடுக, உள்ளேயும் வெளியேயும் பூசினார். காய்ந்ததும் உள்ளே கை விட்டுத் துழாவி, “வழுவழுப்பா இருக்கு,” என்றார். புது வள்ளத்தைக் கடலில் இறக்குகிற முகம் அவருக்கு.

முதல் மழைக்கு அதைப் போட்டுக்கொண்டு கப்பல்துறைக்குப் போனேன். மண் ஒழுங்கைப் பாதையெல்லாம் செந்தண்ணீர். ஸ்கூட்டியை ரோட்டில் விட்டுவிட்டு அதற்குள் இறங்கினேன். கால் எங்கே வைக்கிறேன் என்று தெரியாமல், நனைகிறதா என்றும் தெரியாமல், வானமும் மரங்களும் கிடந்த தண்ணீருக்கு மேலே மிதந்து போனேன். வீட்டுவாசலில் சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே போகிற பழக்கம் எனக்கு இல்லை, கழற்றவும் கூடாது. ஆகையால் வாசலிலேயே கதிரை போடச் சொல்லி அதில் இருந்தேன். குழந்தைகள் என்னிடம் வந்தன. ராணி மாதிரி இருந்தது அன்றைக்கு.

டொக்டர் சொன்னபடி வெள்ளைக் காலுறைதான் போடுவேன். நோவு சொல்லாததை நிறம் சொல்லும். வீட்டுக்கு வந்து கழற்றியபோது இடது காலுறையின் விரல் பக்கம் சிவந்து கிடந்தது. கணவர் சப்பாத்தை வெளிச்சத்தில் பிடித்து, கத்தியால் பிளந்து பார்த்தார். ரெசின் தையல் துளையால் கசிந்து வந்து, உள்ளே ஒரு முள்ளாக உறைந்திருந்தது. எத்தனையோ வருடமாகக் கண்ணாடி நாரும் ரெசினும் அளைந்து மரத்துப்போன உள்ளங்கைக்கு அந்த முள் வழுவழுப்பாகத் தெரிந்திருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தை அடக்கவில்லை. “நான் என்ன வள்ளமோ, ரெசின் பூச?” என்றேன். அவர் குனிந்து கத்தியைத் துடைத்தார். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

சின்ன விரல் கறுத்தது. “மருந்தைக் கட்டிப் பாப்பம்,” என்றார் டொக்டர். அந்தப் ‘பாப்பம்’ என்ற சொல்லோடு நான் வீட்டில் கிடந்தேன். கூரையில் மழை ஓயாமல் பெய்தது. பகலிலும் கண் சொருகும். என் இடது கால் என்னை விட்டுத் தனியாக இறங்கி, ஸ்கூட்டியில் ஏறி, வீடு வீடாகப் போய், “பிள்ளை பால் குடிக்குதோ?” என்று கேட்பதாக ஒரு கனவு திரும்பத் திரும்ப வந்தது. எல்லா வீட்டிலும் அதற்குக் கதிரை போட்டார்கள். விழித்ததும் போர்வையைத் தூக்கிக் கால் இருக்கிறதா என்று பார்ப்பேன். தொட்டால் கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. வாய்விட்டு அழுதிருக்கிறேன்.

கணவர் தினமும் கட்டவிழ்த்து, கழுவி, மருந்து கட்டினார். காலைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். மழை கொஞ்சம் வெளித்த ஒரு நாள் டொக்டர் புண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, “தப்பிட்டுது,” என்றார். திரும்பி வருகிற வழியிலேயே நான் சப்பாத்துக் கதையை எடுத்தேன்.

“வேண்டாம். வேலையை விடும்,” என்றார் கணவர்.

“வள்ளம் ஓட்டையெண்டால் கடலை விடுவீங்களோ?”

“வள்ளத்துக்கு நோகாது.”

“எனக்கும்தான்.”

அடுத்த நாள் பின்னேரம் அவர் அட்டைக் காலை எடுத்துக்கொண்டு தனியாகக் கடைக்குப் புறப்பட்டார். அரை மணித்தியாலம் போகவில்லை, முகம் வெளிறித் திரும்பி வந்தார். வழியில் தேத்தண்ணீர் குடிக்க நின்றாராம். மோட்டார் சைக்கிளில் செருகியிருந்த அட்டையை ஊர் மான் ஒன்று இழுத்து, விரல் பக்கம் முழுவதையும் தின்றுவிட்டது. எங்கள் பட்டினத்தில் மாடு மாதிரித் தெருவில் திரிகிற மான்களுக்கு அட்டையும் ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான்.

“சகுனம் சரியில்லை,” என்று விரலில்லாத என் காலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் சிரித்தேன். வருத்தம் வந்த பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது அன்றைக்குத்தான். “கண்டத்தை மான் சாப்பிட்டிட்டுது. திரும்பக் கீறுங்கோ,” என்றேன். அவர் நிலத்தில் இருந்து என் காலைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினார். பென்சில் போவது எனக்குத் தெரியவில்லை. குனிந்த தலையில் நரை கூடியிருந்தது தெரிந்தது.

புதுச் சோடியைக் கொடுக்கும்போது நானா சொல்லியனுப்பினாராம்: “பைபரெல்லாம் வள்ளத்துக்கு. தோலுக்குத் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் போதும்.” மெழுகு தேடித் தம்பலகாமம் வரை போய், தேன் எடுக்கிற ஒருவரிடம் வாங்கி வந்தார். சுடுதண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து மெழுகை உருக்கி, எண்ணெய் கலந்து, வெயிலில் இளஞ்சூடாக்கிய தோலில் பழந்துணியால் தேய்த்தார். தையலில் மட்டும் விரலால். காய விட்டு, திரும்பவும் தேய்த்தார். குசினி முழுக்கத் தேன் மணத்தது. அந்த மணத்தில் வீடே அரைத்தூக்கத்தில் இருந்தது போல ஞாபகம்.

பொழுது படுகிற நேரம் என்னையும் கூட்டிக்கொண்டு கொட்டிலடிக்குப் போனார். உள்துறைமுகத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. சப்பாத்துக்குள் குழந்தைப் பவுடர் தூவினார். ஒரு துளி கசிந்தாலும் பவுடர் கட்டியாகிக் காட்டிக்கொடுக்கும். பிறகு இரண்டையும் தண்ணீரில் விட்டு, சரியாதபடி கயிற்றால் பிடித்துக்கொண்டார். அவை மிதந்தன. மூக்கை ஆழ்கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆளில்லாமல், அவசரமில்லாமல். செவ்வானம் தண்ணீரில் இறங்க, அதன் மேல் என் நடை இரண்டும் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தோம். எடுத்துப் பார்த்தபோது பவுடர் பூப்போல இருந்தது.

மறுநாள் காலை சப்பாத்தை அவரிடம் நீட்டி, உள்ளே கை விட்டுப் பார்க்கச் சொன்னேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்ர கைக்கும் உம்மட காலுக்கும் ஒரே வருத்தம். வேற ஆரையும் பாக்கச் சொல்லும்.”

இதற்கு மட்டும் என்னிடம் மருந்து இருந்தது. புதுத் தாய்மாருக்கு நான் சொல்லிக்கொடுப்பதுதான்: குழந்தையைக் குளிப்பாட்டுகிற தண்ணீரை உள்ளங்கையால் பார்க்காதே, சுடுசட்டி பிடித்த கைக்குச் சூடு தெரியாது, வேலை செய்யாத தோலால் பார்.

“உள்ளங்கையை விடுங்கோ. புறங்கையால பாருங்கோ,” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு, புறங்கையை மெல்ல உள்ளே விட்டார். பழைய பத்திரிகை வாசிப்பவர் போல ஒவ்வோர் இடமாக நின்று நின்று போனார். விரல் பக்கத்தில் நின்றுவிட்டார். வெளியே எடுத்து என் உள்ளங்கையில் வைத்தது ஒரு மணல். கொட்டிலடி மணல், ஒன்றே ஒன்று.

“இவ்வளவுதான்,” என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. “இப்ப போட்டுக்கொண்டு போம்.”

அந்த மாரி முழுக்கப் போனேன். இந்த மாரிக்கும் அதே சப்பாத்துத்தான். மெழுகு பூசுவதும், நாள்தோறும் காலையில் வாசலில் இருந்து புறங்கை விட்டுப் பார்ப்பதும் அவருடைய வேலை. நான் பையைத் தோளில் போட்டபடி பக்கத்தில் நிற்பேன். அவருடைய கை உள்ளே போகும்போது எனக்குக் கால் கூசுகிறது. டொக்டரிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், அது நரம்பு இல்லை என்பார். எனக்கும் தெரியும்.