முப்பதாயிரத்து முப்பத்தொன்று

காலை ஆறு நாற்பது. விருதுநகர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்றின் கரும்பலகைதான் முதலில் கண்ணில் பட்டது. ‘30031 பகா எண். காரணம்: 2, 3, 5, 7, 11, 13 எதனாலும் வகுபடாது.’ கையிலிருந்த டீ ஆறும்வரை அதை முறைத்துக்கொண்டு நின்றேன். சிவகாசி அச்சகம் ஒன்றில் நான் மெய்ப்புப் பார்த்த கணக்கு கைடில் இதே சொற்களில் இருந்த வரி அது. அந்த அச்சகம் இன்றில்லை. முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார். தப்பு மட்டும் திடமாக இருக்கிறது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில ஆண்டுகள். பத்திரிகை வேலை எனக்கு இன்னும் கிடைத்திருக்கவில்லை. அச்சகத்தில் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாடை சோற்றில்கூட ஏறியிருக்கும். ஓர் ஒற்றெழுத்து விட்டுப்போனால் எனக்குத் தூக்கம் வராது. எண் வந்தால் கண் தானாகத் தாண்டிப் போகும். இந்த லட்சணத்தில் கணக்கு கைடுக்கு நான் மெய்ப்பாளர்.

பைண்டிங்கில் தாள் மடித்த ஜோதி, பிளஸ் டூ முடித்தவள். வெடி கம்பெனிக்கு மட்டும் போகமாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டு இங்கே வந்தவள். ஒருநாள் சாப்பாட்டு வேளையில், கழிவுத் தாளின் பின்பக்கத்தை என் மேசையில் வைத்தாள். வரிசையாகப் பதினொரு வகுத்தல்கள்.

“சார், பதிமூணோட நிறுத்திட்டாக. மேலயும் வகுத்துப் பாக்கணும்ல. அம்பத்தொம்பதுல போகுது.”

ஐம்பத்தொன்பது பெருக்கல் ஐந்நூற்று ஒன்பது. நானும் பெருக்கிப் பார்த்தேன், இரண்டு முறை. மீதமில்லாமல் வகுபடுகிற எண் எப்படிப் பகா எண்ணாகும்? முதலாளியிடம் ஓடினேன்.

“தம்பி, லோடு நாளைக்குப் போகணும். பையன் இதை மனப்பாடம் பண்ணி எழுதப்போறான். வாத்தியாரு இதையே பாத்துத் திருத்தப்போறாரு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல இருந்தா அது எப்பிடித் தப்பாகும்?” என்றார். பிறகு மிகச் சாதாரணமாகக் கேட்டார்: “ஆமா, இம்புட்டுக் கணக்கு உங்களுக்கு வராதே. யாரு பாத்துச் சொன்னது?”

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். இதை எழுதும்போதும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

“மடிக்கிறவளுக்கு எதுக்கு அந்த வேலை? நாளைக்கு இதைப் பள்ளிக்கூடத்துல போய்ச் சொல்லுவா.”

மறுநாள் காலை ஜோதியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். நான் மேசையில் குனிந்து ஒற்றெழுத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு பிழைத்திருத்தச் சீட்டு வைத்திருந்தால் போதும். விரலகலத் தாள். அதற்கு மனமில்லாதவர், ஒரு பெண்ணின் பிழைப்பைக் கிழித்துப் போட்டார். கிழிக்கிற இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் நான்.

இரண்டு வருடம் கழித்து, நிருபராக ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் போனபோது, பக்கத்து இருக்கையில் ஜோதி. பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

“நல்லா இருக்கீகளா சார்? அந்தக் கணக்கைத் திருத்துனாகளா?”

“இல்லம்மா. நான் இப்போ பேப்பர்ல நிருபரா இருக்கேன்.”

“உங்க பேப்பர்லயாவது போட்டீகளா?”

“இல்ல.”

“அது சரி” என்று சிரித்தாள்.

நடத்துநர் வந்தார். ஜோதி இடது கையால் பயணச்சீட்டை வாங்கினாள். வலது கையில் மூன்று விரல்கள் இருந்தன.