மூன்று எழுத்தும் ஒரு டேப்பும்

கல்யாணத் தகவல் மையத்தில் கணினி பார்த்தவர்களுக்கு, எந்த வீட்டில் இன்னும் மேளம் கொட்டவில்லை என்று தெரியும். வெளியே சொல்லத்தான் முடியாது. தேனியில் ஐந்து வருடம் ராத்திரி ஷிஃப்டில் அப்படி இருந்தேன். நீங்களும் இருந்திருந்தால் புரியும்.

கறுப்புத் திரை

கறுப்புத் திரையில் ஓடும் டேட்டாபேஸ் நானாகக் கற்றது. பட்டியலின் பெயரில் முதல் மூன்று எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால், பெயரின் மீதியை அதுவே நிரப்பும். மையம் நடத்திய அக்கா வியந்து போனார். “மூணெழுத்துலயே மாப்பிள்ளையக் கண்டுபுடிக்குதா? முன்னாடியே வாங்கிருந்தா நான் இத்தன வீடு ஏறி எறங்கிருக்க மாட்டேனே!”

காட்டவா?

ஒருநாள் எக்ஸலிலிருந்து பெயர்களை நகலெடுத்து அந்தத் திரையில் ஒட்டினேன். நடுவே இருந்த இடைவெளிகளை எல்லாம் நான் டேப் தட்டியதாக அது எடுத்துக்கொண்டது. பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, எல்லாவற்றையும் காட்டவா என்று விடாமல் கேட்டது. தபால் கவர் ஒட்டும் முருகேசன் எட்டிப் பார்த்தான்: “நம்ம தரகரு மாதிரியே கேக்குதேண்ணே!”

தேவாரத்திலிருந்து ஒரு போன்

அந்த டேட்டாபேஸ், திறக்கும்போது இருந்த பட்டியல்களின் பெயர்களை மட்டுமே நினைவில் வைக்கும். அன்று நான் உருவாக்கிய புது வரன் பட்டியல் அதற்குத் தெரியாது. நான் அடித்த மூன்று எழுத்துக்கு, அதே எழுத்தில் தொடங்கும், கல்யாணம் முடிந்தவர்களின் பழைய பட்டியலைக் கொண்டுவந்தது. படிக்காமல் அச்சிட்டேன். தபாலில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய்விட்டது.

கவர் கிடைத்த வீரபாண்டிக்காரர் முதலில் போனில் கத்தினார்: “ரெண்டாவது ஆளு கல்யாணத்துல பந்தியில உக்காந்து சாப்ட்டவன்யா நான்!”

மறுநாள் சாயங்காலம் தேவாரத்திலிருந்து, எங்களிடம் வரன் தேடப் பதிந்திருந்த ஜெயந்தி டீச்சர். சத்தமே போடவில்லை.

“அண்ணே, இதுல மூணாவது ஆளு என்னையப் பாத்துட்டு வேணாம்னு போனாக. அவுக பிள்ளைக்கு எல்கேஜி அட்மிஷன் போட்டதே நாந்தான்.”

“தப்பு என்னுது டீச்சர். சரியான லிஸ்ட்ட இன்னைக்கே அனுப்பிர்றேன்.”

“வேணாம்ணே. கவரு வர்ற அன்னைக்கெல்லாம் அப்பா லீவு போட்டு வாசல்லயே நிக்கிறாக. எனக்கு அதத்தான் பாக்க முடியல. எம் பேர எடுத்துருங்க.”

“அப்பாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு...”

“பேரு என்னுதுதானேண்ணே?”

டேப்பை நம்பிப் பிழைத்த அந்த ஐந்து வருடத்தில், எழுத்தெழுத்தாக அடித்து, இருமுறை படித்துப் பார்த்து நான் செய்த ஒரே வேலை, ஒருத்தியைப் பட்டியலிலிருந்து விடுவித்ததுதான்.