மெதுவான பாட்டுக்காக நான் வாதாடிய நாள்

வேகமும் முழக்கமுமே உயிரான எங்கள் பங்க் இசைக்குழு இரண்டாகப் பிளந்துவிடுமோ என்று அஞ்சிய நிலை ஒரு சனிக்கிழமை முற்பகலில் வந்தது. புனேயின் கேம்ப் பகுதியில், ஒரு தையற்கடைக்கு மேலே நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒத்திகை அறை அது. பிளக்க வந்தது ஒரு மெதுவான பாட்டு.

இசைக்குழு தொடங்க எண்ணும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கும் வயது அதிகமில்லை. ஆயினும் ஒரு குழுவைத் தொடங்கி, அதன் குரலாக நின்று, அதைவிட்டு வெளியேறியும் விட்டேன். சொல்வதற்கு அந்தத் தகுதி போதும் என்று கருதுகிறேன்.

மூவரும் ஒரு வழக்கமும்

கிட்டார் வாசித்தவள் சரண்யா. கோயம்புத்தூர்ப் பெண், ஹிஞ்சேவாடியில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலை, வாகடில் குடியிருப்பு. டிரம்ஸ் ரோஹித்; புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழன், இந்தி கலக்காமல் ஒரு வாக்கியம் முடிக்கமாட்டான்; நண்பனை 'யார்' என்பான், சீட்டைச் 'சிட்டி' என்பான். நான் பாடகன். திருச்சியில் கல்லூரிச் சொற்போர் மேடைகளில் வளர்ந்தவன். மைக் பழுதானாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்று பெயர் வாங்கியவன்.

எங்கள் பாட்டுகள் தமிழில் இருந்தன. கேட்க வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. வேகம் புரிந்தது, குதித்தார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே நான் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வீட்டு வாடகையை எதிர்த்தோ, மேலாளர்களை எதிர்த்தோ முழங்குவேன். அதற்கெனவே சிலர் வந்தார்கள்.

கருத்து வேறுபாடு எழுந்தால் சச்சரவு கூடாது, சொற்போர்தான் என்று விதி வகுத்தவன் நான். யாருக்கு எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். நம் எண்ணத்துக்கு நேர் எதிரான அணி கிடைத்தாலும் அதற்காகவே வாதிட வேண்டும். மூன்றாமவர் நடுவர். அவர் தீர்ப்பே முடிவு.

நான் பெற்ற வெற்றி

சரண்யாவோடு தங்கியிருந்த தோழி வேலையிழந்து ஊருக்குத் திரும்பியிருந்தாள். அதைப் பற்றி ஒரு பாட்டு எழுதி வந்திருந்தாள் சரண்யா. இருண்ட, தாழ்ந்த சுருதி. டிரம்ஸ் பாதிப் பாட்டுக்குப் பிறகுதான் நுழையும்.

"இனி இப்படித்தான்டா பண்ணணும். எத்தன நாளைக்குக் கத்தீட்டே இருக்கறது?" என்றாள்.

"இது பங்க்கே இல்ல. தாலாட்டு," என்றேன்.

"அரே, சண்ட வேணாம் யார். சிட்டி போடு," என்றான் ரோஹித்.

சீட்டு எடுத்தோம். மெதுவான இசை வேண்டும் என்ற அணி எனக்கு வந்தது. வேண்டாம் என்பது அவளுக்கு.

நான் வேண்டுமென்றே தோற்றிருக்கலாம். தோற்கத் தெரியவில்லை. கோபம் முதிர்ந்தால் குரல் தாழும் என்றேன். கூச்சலைக் கேட்டவர்கள் நம்மை மறந்துவிடுவார்கள், அமைதியைக் கேட்டவர்கள் வீடுவரை சுமந்து செல்வார்கள் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. கீழே தையல் இயந்திரம்கூட நின்றதாக நினைவு.

எதிரணிக்காக எழுந்த சரண்யா, "வேகமாப் பாடுனா சித்தெ சீக்கிரம் ஊட்டுக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ரோஹித் சிரித்துக்கொண்டே தீர்ப்பளித்தான்: "பாஸ், நீ ஜெயிச்சுட்ட. ஸ்லோதான், பக்கா."

ஒத்திகை

அதன்பின் வந்த வாரங்கள் எனக்குக் கடினமாயின. அந்தப் பாட்டு கேட்ட குரல் என்னிடம் இல்லை. தாழ்த்தினால் கரகரத்தது, உயர்த்தினால் முழக்கமாயிற்று.

"டேய், கூட்டத்துக்குப் பேசாத. பக்கத்து ரூம்ல இருக்கறவகிட்டப் பேசற மாதிரி பாடு," என்பாள் சரண்யா.

"அவளுக்குக் காது கேக்காதா? நல்லாவே சொல்லலாமே."

"அவ போயிட்டாடா. அதான் பாட்டே."

சிரித்து மழுப்பினேன். மேடை ஏறினால் சரியாகிவிடும் என்று நம்பினேன்; எனக்கு எல்லாமே மேடையில்தான் சரியாகியிருந்தது.

அரங்கேற்றம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிறிய அரங்கு. பாட்டை எப்படியோ பாடி முடித்தேன். கடைசி ஸ்வரம் தேய்ந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, ஒருவரும் அசையவில்லை. முன் வரிசையில் ஒரு பெண் கண்களை மூடியிருந்தாள்.

தோற்றுவிட்டோம் என்று எண்ணினேன். கைதட்டல் இல்லாத மேடையை நான் அதுவரை அறிந்ததில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் பொருளை ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினேன். வேலையிழந்த தோழி, காலி அறை, அதற்குக் காரணமான நிறுவனங்கள். குரல் ஏறியது. முடிவில் பலத்த கைதட்டல் எழுந்தது, எனக்கு.

திரும்பிப் பார்த்தேன். சரண்யா கிட்டாரின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

படிக்கட்டில் கேட்டேன்: "நல்லாத்தானே போச்சு?"

"என்ற பாட்டு முடியவே இல்லடா. அந்த அமைதி வரைக்கும் பாட்டுதான். நீ நடுவுல பேசிட்ட."

ரோஹித் என் தோளைத் தொட்டான். "ச்சோட் யார், விட்டுடு. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

அடுத்த தடவை, அந்தப் பாட்டைச் சரண்யாவே பாடினாள். அவளுடையது மேடைக்குரல் அல்ல; ஆனாலும் கேட்பவர்கள் முன்னே சாய்ந்து கேட்டார்கள். பின்னர் வந்த எல்லாப் பாட்டுகளும் அந்த வழியிலேயே அமைந்தன. நான் விலகுகிறேன் என்றபோது, "யாரும் உன்னப் போகச் சொல்லலயே," என்றாள். உண்மைதான். பாட்டுகளில் எனக்கு இடம் இல்லை, அவ்வளவே. அந்த இடத்தை நீக்கும்படி, என் முழுத் திறமையையும் கொண்டு வாதாடியவன் நானே.

இன்றும் அவர்கள் வாசிக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். நான் அன்று சொன்னவை அனைத்தும் சரி என்று அவர்களது இசை மெய்ப்பித்துவிட்டது. அந்தச் சொற்களைக் கட்டிய எனக்கு மட்டும் அவை சொற்களாகவே இருந்தன.

இளையவர்களே, ஒரு பாட்டுக்காக எழுந்து வாதாடும் முன், அதைத் தனியே அமர்ந்து ஒருமுறை பாடிப் பாருங்கள். நான் பாடிப் பார்க்கவில்லை.