அக்காவின் சீல் பெட்டி

"உம்மடை அக்காவை வவுனியாச் சோதனையிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்களாம். பெட்டி நிறைய அரசாங்கச் சீல் வைச்சிருந்தவவாம்."

ரொறன்ரோவில் சனிக்கிழமை மாலைப் பூசை முடிந்து வெளியே வரும்போது செல்வரட்ணம் இதைச் சொன்னார். அவருக்கு மருமகள் சொன்னது. மருமகளுக்குக் கொழும்பில் யாரோ ஒருத்தி சொன்னது. இத்தனை வாய் மாறி வந்த கதையில் பாதியைக் கழித்துவிடலாம். ஆனால் பெட்டி உண்மை. அதைக் கொண்டுவரச் சொன்னவன் நான்.

அக்காவின் பெயர் யோசப்பின்; என்னைவிட எட்டு வயது மூத்தவள். யாழ்ப்பாணம் குருநகரில் எங்கள் வீட்டில் எல்லோரும் கடல் தொழில். அவள் மட்டும் பட்டணத்தில் ஒரு சீல் கடைக்கு வேலைக்குப் போனாள். வார்த்து வரும் றப்பரை வெட்டி மரப்பிடியில் ஒட்டுவது அவள் பொறுப்பு. எண்பத்து மூன்றில் முதலாளி கடையைப் பூட்டிக்கொண்டு போகும்போது, விலைப்படாமல் கிடந்த றப்பர்களை அவளிடம் கொடுத்தார்: புறா, திராட்சைக்குலை, ஆட்டுக்குட்டி, மல்லிகை. அவற்றை வீட்டிலேயே ஒட்டி, நத்தார்ப் பண்டிகை வாழ்த்து மட்டையும் பிள்ளைகளின் புதுநன்மை மட்டையும் செய்பவர்களுக்கு விற்கத் தொடங்கினாள்.

றப்பரின் ஓரத்தைப் பிளேட்டால் சரிவாகச் சீவுவாள். நேராக வெட்டினால் ஓரமும் தாளில் விழும். றப்பருக்கும் பிடிக்கும் நடுவே மெத்தைக்குப் பழைய செருப்பின் அடி. சைக்கிள் ரியூப் ஒட்டுகிற சொலூசனை இரண்டு பக்கமும் பூசிவிட்டு, பத்து அருள்நிறைந்த மரியே சொல்லும் வரை தொடமாட்டாள். விரலில் ஒட்டாத பதம் வந்த பிறகுதான் சேர்த்து அழுத்துவாள்.

ஒருமுறை கோப்பாயிலிருந்து மியூரியல் ரீச்சர், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாங்கிய சீலோடு திரும்பி வந்தார்.

"யோசப்பின், உம்மடை ஆட்டுக்குட்டி மலை ஏறுது."

"மேய்ப்பர் மேலை நிண்டு கூப்பிடுறார் போலை, ரீச்சர்."

"பகிடி விடாதையும். நாற்பது மட்டை பழுதாப் போச்சு."

அக்கா சிரித்தாலும் அன்று முழுக்க முகம் சரியில்லை. வெறும் மரக்கட்டையில் எது முன், எது பின் என்று பிடிப்பவருக்குத் தெரியாது; படம் சரிந்து விழும். ஆகவே அத்தான் லியோன் ஒரு சாக்கு நிறையப் பழைய சீல் பிடிகள் கொண்டுவந்தபோது அவளுக்குப் பெரிய சந்தோசம். கடலுக்குப் போகத் தடையென்றால் அத்தான் தச்சுவேலை செய்வார். ஓர் அரசாங்க அலுவலகத்தில் அலுமாரி திருத்தப் போன இடத்தில் கழித்துப் போட்ட சீல்கள் அவை. ஒவ்வொரு பிடியிலும் முன்பக்கம் காட்டச் சின்னப் பித்தளை ஆணி இருந்தது. தலையில் வார்னிஷுக்குக் கீழே ஆங்கிலத்தில் தட்டச்சடித்த துண்டுத்தாள்: உண்மைப் பிரதி, அவசரம், கிடைத்தது. அவள் பழைய றப்பரை உரித்துவிட்டு, உண்மைப் பிரதியில் புறாவை ஒட்டினாள், அவசரத்தில் ஆட்டுக்குட்டியை.

"உந்தப் பேப்பருகளைச் சுரண்டி விடன், யோசப்பின்."

"சுரண்டினா வார்னிஷ் போயிடும். கிடக்கட்டும், இஞ்சாருங்கோ. ஆர் உதை வாசிக்கிறது?"

"புறாவுக்கு உண்மைப் பிரதி எண்டு தலையிலை எழுதி வைச்ச ஒரே மனுசி நீதான்."

பிடிகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு அவற்றை அவள் விற்கவில்லை. தன் மட்டைகளுக்கே வைத்துக்கொண்டாள்.

நான் எண்பத்தெட்டில் கனடா வந்தேன். இந்த வருடம், தொண்ணூற்று நாலில், அக்காவுக்குக் கொழும்பில் விசா நேர்முகம் கிடைத்தது. வருகிற செவ்வாய்க்கிழமை. எங்கள் கோயில் நத்தார் மட்டைகளுக்கு உதவும், பெட்டியையும் கொண்டு வாங்கோ என்று எழுதினேன். "பிடியைக் கழற்றி றப்பரை மட்டும் கொண்டு வரட்டோ, பாரம் குறையும்" என்று பதில் எழுதியிருந்தாள். கழற்ற வேண்டாம், அப்படியே கொண்டு வாங்கோ, மைப்பெட்டியை மட்டும் விடுங்கோ, உடுப்பில் ஊறிவிடும் என்றேன். அந்தத் துண்டுத்தாள்கள் என் நினைவுக்கே வரவில்லை.

பூசையிலிருந்து வந்ததும், கொழும்பில் அக்காவுக்கு அறை போட்டிருந்த வெள்ளவத்தை லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். அங்கே ஞாயிறு விடிந்திருந்தது. மனேஜர் ஆழ்வாப்பிள்ளை பேசினார்.

"அறை போட்டபடி கிடக்குது, தம்பி. ஆள் வரேல்லை."

"மறிச்சு வைச்சிருக்கெண்டு ஒரு கதை..."

"ஓம், எனக்கும் காதிலை விழுந்தது. ஆர் கண்டது? காலமை வவுனியாவிலையிருந்து ஆக்களை ஏத்திக்கொண்டு வான் வரும். எட்டு மணிக்கு எடும், கேட்டுச் சொல்லுறன்."

வருடக்கணக்கில் மை ஏறிக் கறுத்த றப்பரைப் பார்த்து, அது புறாவென்று ஒருவராலும் சொல்ல முடியாது. தாளில் ஒற்றினால் தெரியும். ஆமிக்காரர் பயணப் பாஸ்களுக்குச் சீல் குத்தும் இடத்தில் மைப்பெட்டி இல்லாமலா இருக்கும்? ஒன்றைக் குத்திப் பாருங்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். அக்காவுக்குச் சிங்களம் வராது.

அங்கே எட்டு மணியானதும் மறுபடி எடுத்தேன். லைன் கிடைத்துவிட்டது. மணி அடிக்கிறது. பதின்மூன்று தரம் எண்ணினேன். பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.