ஏழாம் எண் பலகை

என் சித்தப்பா பல்கலைக்கழகத்தில் பம்பு ஓட்டுகிறவர். பத்தொன்பது வருடமாக நூலகத்துக்குப் பின்னால், ஒரு செங்கல் கட்டடத்தில், மோட்டார் இரைச்சலோடு குடித்தனம். அதனால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார். “உப்பை எடு” என்றால் அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். நான் வளர்வதும் அவர் வீட்டில்தான். அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை.

அந்த வளாகத்தின் கட்டடங்களைப் பார்க்க வருகிறவர்களுக்கு வழி காட்ட ஆள் கிடையாது. வாசலில் ஒரு மடிப்புத் தாள் கொடுப்பார்கள். வழி நெடுக எண் போட்ட அம்புப் பலகைகள் இருக்கும். எண்ணைப் பார்த்து, தாளைப் படித்து, அண்ணாந்து ‘ஆகா’ சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். ஏழாம் எண் நூலகம். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட எனக்கு ஒரு நாள் பொழுது போகவில்லை. ஏழாம் பலகையின் நட்டைத் தளர்த்தி அம்பைப் பம்பு அறைப் பக்கம் திருப்பிவிட்டேன். குழாயைப் பார்த்து நாலு பேர் ‘ஆகா’ சொல்வதை மரத்தடியில் உட்கார்ந்து ரசிக்கலாம் என்று ஆசை.

சொன்னார்கள். ஆனால் சித்தப்பா வெளியே வந்து, “வாங்க, வாங்க” என்று அவர்களை உள்ளே கூட்டிப்போவார் என்று நான் நினைக்கவில்லை. மூன்றாம் நாள் தேய்த்த சட்டை போட்டிருந்தார். ஐந்தாம் நாள் பித்தளை வால்வுகளில் முகம் தெரிந்தது. ஜன்னலுக்கு மேலிருக்கும் வளைவைக் காட்டி, “அறுபத்து மூணு செங்கல். நானே எண்ணியிருக்கேன்” என்றார். அன்று வீட்டில் சித்தியிடம், “இப்பதான் நம்ம கட்டடத்தையும் சேத்திருக்காங்க” என்று சொன்னபோது அவர் கத்தவே இல்லை.

மறுநாள் யாரோ விட்டுப்போன தாளை என்னிடம் காட்டினார்.

“கையெல்லாம் கிரீஸுடா. ஏழாம் எண்ணுல என்ன போட்டிருக்கான், படி.”

ஏழில் குவிமாடமும் எண்பது படிகளும் இருந்தன. நான் வாய்க்கு வந்ததைப் படித்தேன்: “உறுதியான சுவர்கள். அழகான செங்கல் வளைவு. வளாகம் முழுவதும் தண்ணீர் குடிப்பது இந்த அறையின் தயவில்.”

“இன்னொரு தடவை படி.”

படித்தேன். இந்த முறை சுவர்களை மறந்துவிட்டேன். அவர் கவனிக்கவில்லை.

“சாயங்காலம் இதை உன் சித்திகிட்ட குடுக்கணும். அவ வாயாலயே படிக்கட்டும்.”

சித்தப்பாவுக்கு எண்கள் மட்டும்தான் தெரியும்; சித்தி எழுத்தும் நன்றாகவே படிப்பார். சாயங்காலத்துக்கு இன்னும் நாலு மணி நேரம்தான் இருந்தது. சொல்லிவிட்டேன். மோட்டார் இரைச்சலில், செய்த தப்பை இரண்டு தடவை கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

“அம்பைத் திருப்பினது நான்தான் சித்தப்பா! இதுல இருக்கிறது நூலகம்!”

அவர் அழுத்தமானியின் முள்ளைப் பார்த்தார். எண்ணை நோட்டில் எழுதினார். பிறகு கேட்டார்:

“எந்த ஸ்பேனர்?”

“உங்களோடதுதான்.”

“எடுத்துட்டுப் போ. திருப்பி வெச்சிட்டு நட்டை நல்லா முடுக்கு. இல்லேன்னா உன்னை மாதிரி இன்னொரு அறிவாளி வருவான்.”

திருப்பிவிட்டு வந்தேன். தேய்த்த சட்டை ஆணியில் தொங்கியது. அவர் பழைய கிரீஸ் சட்டைக்கு மாறியிருந்தார். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை.

“இந்த வளைவுல எத்தனை செங்கல் சித்தப்பா?”

“தெரியாத மாதிரி கேக்குறான் பாரு. எண்ணிக்கோ.”

எண்ணினேன், அந்த இரைச்சலிலும் அவருக்குக் கேட்கிற மாதிரி. அறுபத்திரண்டு வந்தது.

“நடுவுல ஒண்ணை விட்டுட்டே” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

முதலிலிருந்து ஆரம்பித்தேன்.