கரடியூரில் மட்டும் சிக்னல்

கரடியூர் காட்சிமுனையில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்கிறார்கள். என்னை ஏற்றி வந்த ஜீப் டிரைவர் முருகேசன் மட்டும் கம்பி வேலியில் சாய்ந்து செல்போனைப் பார்க்கிறார். அவர் வீட்டில் சிக்னல் கிடைக்காது. அதனால் இந்தியக் கால்பந்து அணி ஆடும் நாட்களில் எந்தச் சவாரியையும் இங்கேதான் கூட்டி வருவாராம்.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் எதிரணி கோல் போடுகிறது. முருகேசன் ஈரக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்கிறார். கையில் சுட்ட சோளத்துடன் நிற்கும் ஒருவர் அவருடைய நீல ஜெர்ஸியைப் பார்த்து, “எத்தன விக்கெட் போச்சுங்க?” என்கிறார். முருகேசன் செல்போனை அணைத்துவிட்டு ஜீப்பை நோக்கி நடக்கிறார்.

ஜீப்பில் ஏறியதும், “அடுத்த மேட்ச்ல ஜெயிச்சிருவாங்க” என்கிறேன்.

“ஏனுங்க, ஜெயிச்சாலும் இந்த மலைல யாருகிட்டங்க போய்ச் சொல்றது?”