முத்துவேல் ஏன் மேலே ஏறினார்?

முத்துவேல் இறந்த செய்தி எனக்கு மின்தடையாகத்தான் வந்தது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது துணை மின்நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். "சார், மேலூர் கிழக்கு லைன் ட்ரிப் ஆயிருச்சு. ஒரு தடவ போட்டுப் பாக்கவா?" காகமோ அணிலோ மாட்டினால் இப்படி லைன் போகும், ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்ப்பது வழக்கம். அன்று முத்துவேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் பலூனில் பறக்கிறார் என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. "போடாதே, கையை எடு" என்று கத்தினேன். வண்டிச் சாவியைத் தேடுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது. வெப்பக்காற்று பலூன் கம்பியில் மாட்டிவிட்டது, அதில் போன கணவன் மனைவி இருவரும் காயத்தோடு பிழைத்துவிட்டார்கள், ஓட்டியவர் இல்லை என்றார்கள்.

அவரை அறிந்த எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்கிறீர்கள். அவ்வளவு விவரமானவர் எப்படிக் கம்பியில் போய் மோதினார்? தொலைக்காட்சியில் 'ஓட்டியின் கவனக்குறைவு' என்று ஒரு வரியில் கதையை முடித்துவிட்டார்கள். அந்த வரி எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேலூர்ப் பகுதியில் மின்சார உதவிப் பொறியாளராக இருப்பவன் நான். முத்துவேல் முதல்முறை என் அலுவலகத்துக்கு வந்து, வயல்களில் எங்கெங்கே கம்பி போகிறது என்று காட்டச் சொன்னபோது ஆளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தேன். "ஆகாசத்துல போறவருக்கு என் கம்பியோட என்னய்யா வேலை?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "மேல போயிட்டா ஒரு பயமும் இல்லண்ணே. எறங்கும்போதுதான் வினை. மேல இருந்து பாத்தா கம்பி கண்ணுக்கே தெரியாது, போஸ்ட்டுதான் தெரியும். ரெண்டு போஸ்ட்ட பாத்தா நடுவுல கம்பி இருக்குன்னு நானா எடுத்துக்கணும்." அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வயல் வயலாகச் சுற்றினார். மோட்டார் ரூமுக்குப் போகும் ஒற்றைக் கம்பியைக்கூட விடாமல் போனில் குறித்துக்கொண்டார். என் மனைவி, "உங்க ரெண்டு பேருக்கும் வேற ஊரு சுத்தவே தெரியாதா?" என்று கேலி செய்வாள்.

பசுமலையில் தன் பலூன் கொட்டகையில் ஆட்களுக்கு அவர் பாடம் எடுத்ததை ஒருநாள் வாசலில் நின்று கேட்டேன். "கம்பி கிட்டத்துல வந்துருச்சா, ஏறித் தப்பிக்கணும்னு நெனைக்காத. ஏறப் போயி மாட்டுனவன்தான் ஜாஸ்தி. உச்சித் துணியத் தொறந்து சூட்டுக் காத்த வெளிய விட்டு டொப்புனு கீழ விழு. கால் ஒடியும். ஒடிஞ்சா ஒட்டிக்கும்." பலூன் துணி கம்பியில் பட்டால் பிழைக்க வழி உண்டு. ஆள் நிற்கும் கூடையும், தலைக்குமேல் நெருப்பு ஊதும் அடுப்பைத் தாங்கும் இரும்புக் கம்பிகளும் பட்டால் கிடையாது. இதை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று அவருடைய ஆட்களைக் கேளுங்கள், தலையில் கை வைப்பார்கள்.

எங்களுக்குள் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவில்லை. இறங்கும் நேரத்தில் கூடையிலிருந்து ஒரு நீளக் கயிற்றைக் கீழே போடுவார். பழகிய நாலைந்து ஆட்கள் அதைப் பிடித்து இழுத்தால் போதும். ஆனால் நம் ஊரில் பெரிதாக ஒன்று அசைந்து வந்து, அதிலிருந்து ஒரு கயிறும் தொங்கினால் ஜனம் சும்மா இருக்குமா? தேர் வடத்தைப் பிடிப்பதுபோல ஊரே ஓடிவந்து பிடிக்கும். முத்துவேலுக்கு அது கொள்ளை ஆசை. "வேண்டாம்யா, தெரியாதவன் கையில கயிறக் குடுக்காதே" என்று சத்தம் போட்டேன். அவர் சாதாரணமாகத்தான் பதில் சொன்னார். "எங்க தாத்தா வயல்கூலிண்ணே. தேருச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை சுமந்தாரு. வடத்தத் தொடவிடல. நான் போடுற கயித்தயாவது யாரு வேணும்னாலும் புடிக்கட்டுமே." 

விபத்தன்று அறுவடை முடிந்த வயலுக்குமேல் தணிந்து வந்து கயிற்றைப் போட்டிருக்கிறார். ஊர் ஜனம் பிடித்துக்கொண்டது. வயலில் சேறு இருந்ததால், ரோட்டோரக் காய்ந்த மேட்டைப் பார்த்து இழுத்திருக்கிறார்கள். அந்த மேட்டுக்குப் பக்கத்தில்தான் பதினோராயிரம் வோல்ட் லைன் போகிறது. முத்துவேல் கயிற்றை விடச் சொல்லிக் கத்தினார். அவர்கள் விடவில்லை. அவரே மேலிருந்து கயிற்றின் கொக்கியைக் கழற்றிவிட்டார். பயணிகள் இருவரையும் குத்தவைத்து உட்காரச் சொல்லி, எதையும் தொடாதீர்கள் என்றார். பிறகு உச்சித் துணியைத் திறக்காமல், இரண்டு கைகளாலும் அடுப்பைப் பிடித்து நெருப்பை முழுதாக ஏற்றினார். பலூன் எழும்பியது. ஆனால் போதவில்லை, அடுப்பின் பக்கம் லைனில் பட்டுவிட்டது. கூடையில் இருந்த அந்தக் கணவர்தான் ஆஸ்பத்திரியில் இதை எனக்குச் சொன்னார்.

முத்துவேல்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அந்தக் கயிற்றை அவர் எல்லோர் கையிலும் கொடுத்திருக்கக் கூடாது. இதை மறைத்து எழுதினால் செத்தவருக்கு நான் செய்கிற மரியாதை ஆகாது.

அவர் மனைவி தேன்மொழி பள்ளி ஆசிரியை. அழுது முடித்தபின் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அண்ணே, எறங்கு எறங்குன்னு ஊருக்கெல்லாம் சொன்ன மனுசன், தான் மட்டும் ஏன் ஏறுனாரு?" எனக்குப் பதில் தெரியும். சொன்னால் அந்த ஊர்க்காரர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று பயந்தேன். "தெரியலம்மா" என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

கருமாதி அன்று அந்த ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். வீட்டுக்குள் வராமல் எதிர்ப்பக்கம் மரத்தடியில் நின்றார்கள். தேன்மொழிதான் பார்த்துவிட்டு வெளியே போனார். நானும் பின்னால் போனேன்.

முன்னால் நின்ற பெரியசாமி என்பவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எங்க மேலதான் தப்பும்மா. பலூன்ல வந்த பொம்பளையாளு சேத்துல எறங்க வேணாமேன்னு மேட்டுப் பக்கம் இழுத்தோம். விடுங்க விடுங்கன்னாரு. தேரு நிலைக்கு வாரதுக்கு முன்னாடி வடத்த விட்டுப் பழக்கமில்ல. விட்டா அவரு காத்துல போயிருவாருன்னு இன்னும் இறுக்கிப் புடிச்சோம்."

"அப்புறம் எப்படி விட்டீங்க?"

"நாங்க எங்கம்மா விட்டோம்? அவருதான் கழட்டி விட்டாரு. அம்புட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தோம். எந்திரிக்கிறதுக்குள்ள பலூன் நேரா எங்க தலைக்கு மேல நின்னுச்சு. பிள்ளைகளும் எங்களோட விழுந்து கெடந்துச்சுக."

 தேன்மொழி மெதுவாகக் கேட்டார். "அப்ப அவரு கீழ எறக்கியிருந்தா?"

 பெரியசாமி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தேன்மொழி அவர் கையைப் பிடித்தார். "உள்ள வாங்கண்ணே. இன்னும் எலை போடல. எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனார். அன்று பந்தியில் அவர்களுக்கு அவரே பரிமாறினார்.

நான் கம்பியைப் பார்த்தே பிழைத்தவன். தொய்வு, உரசுகிற மரக்கிளை, கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கானில் உடைசல் என்று கண் நேராக மேலேதான் போகும். இப்போது எந்த லைனைப் பார்க்கப் போனாலும் முதலில் அதன் அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். களை எடுப்பவர்களை, ஆடு ஓட்டி வருபவர்களை நகரச் சொல்லிவிட்டுத்தான் அண்ணாந்து பார்க்கிறேன். லைன்மேன்கள், சாருக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொள்வதும் காதில் விழுகிறது. பேசட்டும். முத்துவேலிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். நெருப்பை ஏற்றுவதற்கு முன்னால் அவர் கூடை விளிம்பில் குனிந்து ஒருமுறை கீழே பார்த்தார் என்று அந்தப் பயணி சொன்னார்.